இடது காதுக்கு மேலே

ரொறன்ரோவில் தம்பிக்குத் தலைமயிர் வெட்டியது நான்தான். வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் இருந்த அபார்ட்மென்ட்டின் குளியலறையில் ஒரு கதிரையைப் போட்டு அவனை இருத்தி, கழுத்தைச் சுற்றிப் பழைய துவாய் ஒன்றைக் கட்டி, அம்மாவின் தையல் கத்தரிக்கோலால் வெட்டுவேன். எனக்கு அந்த வேலை தெரியாது. முன்பக்கம் ஒருநாளும் நேராக வந்ததில்லை. அவனோடு பாக்டரியில் நின்ற பெடியன்கள், "என்னடாப்பா, எலி கறண்டினதோ" என்று கேட்பார்களாம். அவன் சிரித்துக்கொண்டு சொல்வான், நானும் சிரிப்பேன். ஆனால் அடுத்த முறையும் அதே கதிரை, அதே கத்தரிக்கோல்தான்.

தமிழ் ஆட்களின் சலூன் எங்கள் தெருவுக்குக் கிட்டவே இருந்தது. அதற்குள் அவன் காலடி வைக்கவில்லை. அங்கே தலையைக் கொடுத்தால் வாயையும் கொடுக்க வேண்டும். எந்த ஊர், ஆரின்ர மகன், எந்தப் பள்ளிக்கூடம், எப்ப வந்தனீர், அதற்கு முதல் எங்க நின்றனீர் என்று கத்தரிக்கோல் ஒரு பக்கமும் கேள்வி ஒரு பக்கமுமாக ஓடும். கேள்விகூடப் பரவாயில்லை. அவனுடைய இடது காதுக்கு மேலே ஒரு தழும்பு இருந்தது. காதடியிலிருந்து உச்சிப் பக்கமாக ஒரு விரல் நீளத்துக்கு மயிர் முளைக்காத கோடு. அதை மறைக்க அந்தப் பக்கத்தை எப்போதும் நீளமாக விட்டுத்தான் வெட்டுவேன். வெட்டும்போது என் விரல் தற்செயலாக அதில் பட்டால் அவனுடைய தோள்கள் இறுகிவிடும். நாங்கள் அதைப்பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

அது எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டு ராணுவம் நின்ற காலத்தின் கடைசி மாதங்கள். அவர்கள் போக ஆயத்தப்பட்டபோது, அவர்களோடு நின்ற ஓர் இயக்கம் தனக்கென்று ஒரு படை சேர்க்கத் தொடங்கியது. சேர்ப்பது என்றால் பிடிப்பது. ரியூஷனுக்குப் போன பெடியன்கள், கடைக்குச் சைக்கிளில் போன பெடியன்கள் எல்லாரையும் றோட்டில் மறித்து வான் வண்டியில் ஏற்றினார்கள். பிறகு ஊர் ஊராக ஆள் அனுப்பினார்கள். நீங்களாகவே இத்தனை பேரைத் தந்தால் நாங்கள் வீடு வீடாக வரமாட்டோம் என்பது பேச்சு.

ஊர்ப் பெரியவர்கள் பள்ளிக்கூடத்தில் கூடினார்கள். அப்பா அங்கே கணக்கு வாத்தியார். விளையாட்டுப் போட்டியில் நடுவராக நிற்கவும் வேலித் தகராறில் அளவுக் கயிறு பிடிக்கவும் ஊர் அவரைத்தான் கூப்பிடும். எங்கள் ஊரில் எதற்கும் அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். ஒரு சம்பந்தம் செய்யலாமா விடலாமா என்றால் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே சுற்றிக் கட்டி, அம்மன் காலடியில் வைத்து ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வந்தது அம்மனின் சொல். அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. அதே மாதிரி ஊரிலுள்ள பெடியன்களின் பெயர்களைத் துண்டுகளில் எழுதி, ஒவ்வொன்றிலும் ஒரு பூவைச் சுற்றிச் செம்பில் போட்டு ஐயரைக் கொண்டு எடுப்பிப்போம், அப்போது ஒருவரும் ஒருவரையும் குறை சொல்ல முடியாது என்று முடிவானது. கலியாணத்துக்குச் செய்கிற காரியத்தைப் பிள்ளை கொடுக்கிறதுக்கும் செய்யலாம் என்று நினைக்க எங்கள் ஊர்க்காரரால்தான் முடியும். அந்த யோசனையைச் சொன்னவர் அப்பா.

பெயர்களை எழுதும் வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது. எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதினார். அச்சுப் போன்ற கையெழுத்து. அம்மா அவருக்குப் பின்னால் நின்றாள். நான் குசினி வாசலில் நின்றேன்.

"இவன்ர பேரை விடுங்கோ" என்றாள் அம்மா. "ஆர் பாக்கப் போகினம்?"

"நான் பாத்துக்கொண்டுதானே இருக்கிறன்" என்றார் அப்பா.

"உங்களுக்கு என்ன விசரே? சோதினை எடுக்க இருக்கிற பிள்ளை."

"எல்லாற்றை பிள்ளையின்ர பேரையும் எழுதிப்போட்டு என்ர பிள்ளையின்ர பேரை எழுதாமல் அந்தச் செம்பை நான் என்னெண்டு கோயிலுக்குக் கொண்டுபோறது?"

அம்மா கிணற்றில் குதிக்கப்போகிறேன் என்றாள். அவர் தம்பியின் பெயரை எழுதி, மை காய்வதற்காக மெல்ல ஊதினார். அடுத்தநாள் கோயிலில் ஐயர் பிரித்து வாசித்த பெயர்களில் அது இருந்தது. அப்பா வீட்டுக்கு நடந்து வந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்தார். பின்னேரம் வான் வந்தது. அம்மா அதன் பின்னால் சந்தி வரைக்கும் ஓடினாள். எனக்கு அன்றிலிருந்து நியாயம் என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வரும்.

கொண்டுபோனவர்கள், தங்கள் முகாமாக்கியிருந்த பள்ளிக்கூடத்தில், முதல் வேலையாக எல்லாருக்கும் தலையை வழித்தார்கள். தப்பி ஓடினால் மொட்டைத் தலையை வைத்துப் பிடிக்கலாம் அல்லவா. கதவைப் பூட்டிய வகுப்பறைக்குள் வைத்து, தண்ணீர்கூடத் தடவாமல், மழுங்கிய பிளேட்டால். துள்ளியவர்களுக்குத் தலையில் கோடு விழுந்தது. தம்பி துள்ளினான்.

பிறகு ராணுவம் போனது. பிடித்தவர்களில் பெரியவர்களும் அவர்களோடு போய்விட்டார்கள். பிடிபட்ட பெடியன்கள்தான் சீருடையோடு நடுத்தெருவில் நின்றார்கள். துவக்கையும் உடுப்பையும் கண்ட கண்ட கிணறுகளுக்குள் போட்டுவிட்டு, ஆரோ கொடுத்த சாரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினார்கள். உடுப்பைக் கழற்றலாம், மொட்டையைக் கழற்ற முடியுமா. ராணுவத்தை எதிர்த்து நின்ற மற்ற இயக்கத்து ஆட்கள் மொட்டைத் தலைகளைத் தேடி வந்தார்கள். அவர்கள் கொண்டுபோன பெடியன்களில் சிலர் திரும்பி வரவில்லை. அந்த மாதங்களில் தகப்பன் செத்த வீடுகளில்கூட எங்கள் ஊரில் ஒருவரும் தலை வழிக்கவில்லை. மீசையை எடுத்தால் போதும் என்று ஐயரே சொன்னார். வீட்டுக்கு ஓடி வந்துசேர்ந்த தம்பியை அம்மா அறைக்குள் நெல்லு மூட்டைகளுக்குப் பின்னால் வைத்து, மயிர் வளர வேண்டும் என்று காலையும் மாலையும் எண்ணெய் தேய்த்தாள். மயிர் வளர்ந்த பிறகும் பயம் போகவில்லை. சந்தியில் மறிப்பவர்கள், பேன் பார்க்கிற மாதிரி மயிரை விலக்கிக் கோட்டைத் தேடினார்கள்.

ஒருபடியாக அவனைக் கொழும்புக்குக் கடத்தி, அங்கிருந்து கனடாவுக்கு அனுப்பினோம். ரொறன்ரோவில் ஏற்கெனவே இருந்த மாமா, அம்மாவின் தம்பி, பொறுப்பெடுத்தார். பின்னால் நாங்கள் மூவரும் வந்தோம். இங்கே வந்தால் பயம் விட்டுவிடும் என்று நினைத்தேன். பயம் எங்களுக்கு முதலே வந்து காத்துக்கொண்டிருந்தது. தம்பி அகதி விசாரணையில் முகாமைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. விரும்பிப் போனவனா பிடிபட்டவனா என்று பார்க்க மாட்டார்கள், துவக்கு ஏந்தினவன் என்று தெரிந்தால் திருப்பி ஏற்றிவிடுவார்கள் என்று மாமா சொல்லியிருந்தார். அது ஒன்று. மற்றது எங்கள் ஆட்கள். அந்தப் படையில் நின்றவன் என்றால் துரோகி, பிடித்துக்கொண்டு போனாலும் துரோகிதான். ஆரோ ஒருவனைக் கார் நிறுத்துமிடத்தில் வைத்து அடித்தார்களாம் என்று ஒரு கதை உலாவியது. உண்மையோ பொய்யோ, நான் நம்பினேன். ரெலிபோனை இரண்டு மூன்று முறை அடிக்க விட்டுத்தான் எடுப்பேன். லிஃப்டுக்குள் ஒரு தமிழ் முகம் தம்பியைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தால் நான் அவனுடைய இடது பக்கத்தை மறைத்து நின்றேன்.

அப்பாவோடு தம்பி பேசுவதில்லை. சண்டை பிடித்துப் பேசாமல் இருப்பதல்ல. ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு, அவர் ஹோலுக்குள் வந்தால் இவன் எழும்பிப் போவான், அவ்வளவுதான். அப்பா இங்கே வீடு வீடாக விளம்பரத் தாள் போடும் வேலைக்குப் போனார். அவரோடு போன ஆட்கள் பாதிக் கட்டைக் குப்பைத் தொட்டிக்குள் தள்ளிவிட்டுக் கோப்பி குடிக்கப் போவார்கள். இவர் பனிக்குள் கால் புதையப் புதைய ஒவ்வொரு வாசலுக்கும் ஏறி இறங்கி ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு, மூக்கு சிவந்து வந்து சேர்வார். "அவருக்கு நடுவர் வேலை முடியேல்லை" என்பாள் அம்மா, சுவரைப் பார்த்து.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் மாமா எங்களை ஒரு பழைய மாணவர் ஒன்றுகூடலுக்குக் கட்டாயப்படுத்திக் கூட்டிப் போனார். ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். பாட்டு, பேச்சு, தின்ன ரோல்ஸ். நடுவில் அதிர்ஷ்டச் சீட்டிழுப்பு வைத்தார்கள். மாமா எங்கள் எல்லாருக்கும் சீட்டு எடுத்து, பெயரையும் ஊரையும் தானே எழுதிப் போட்டிருந்தார். எங்களுக்கு அது தெரியாது. மேடையில் நின்றவர் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் கையை விட்டுக் கிளறி, ஒரு துண்டை எடுத்து விரித்து, தம்பியின் முழுப் பெயரையும் எங்கள் ஊரின் பெயரையும் ஒலிவாங்கியில் வாசித்தார்.

தம்பி எழும்பினான். மேடைக்குப் போகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் எதிர்ப்பக்கமாகப் போய், திறக்கக் கூடாத அவசரக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினான். மண்டபம் முழுக்க அலாரம் அலறியது. பின்னால் ஓடிப்போய்த் தேடினால், இரண்டு கார்களுக்கு நடுவில் ஜக்கெட்டும் இல்லாமல் குந்திக்கொண்டிருந்தான்.

"அக்கா, என்ர பேரை வாசிச்சிட்டாங்கள்" என்றான்.

"ரைஸ் குக்கரடா" என்றேன். "ரைஸ் குக்கர் விழுந்திருக்கு."

அவனுக்குப் பல்லுக் கிட்டியது. நான் திரும்பிப் பார்த்தபோது அந்தக் கதவடியில் அப்பா நின்றார். ஆரோ அவர் கையில் ரைஸ் குக்கர் பெட்டியைக் கொடுத்துவிட்டிருந்தார்கள். அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கிட்ட வரவும் தெரியாமல் உள்ளே போகவும் தெரியாமல் பனிக்குள் நின்றார். எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம் வந்தது, அவ்வளவு பாவமாகவும் இருந்தது. அன்றைக்குப் பிறகு ஆராவது வந்து, உங்கட தம்பி ஏன் ஓடினவர் என்று கேட்பார்களோ என்று பல வாரங்கள் பயந்துகொண்டிருந்தேன். வயிற்றுக்கோளாறு என்று சொல்ல ஒரு பதிலும் வைத்திருந்தேன்.

அப்பா செத்தது இன்னொரு குளிர்காலத்தில். லோரன்ஸ் அவெனியூவில் விளம்பரத் தாள் வண்டிலோடு பஸ்ஸுக்கு நின்றபடியே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து தம்பியின் பாக்டரிக்குப் போன் எடுத்தேன். "ஓம்" என்று மட்டும் சொன்னான். ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. வீட்டுக்கும் வரவில்லை. கூட வேலைசெய்த ஒருவனின் அறையில் நிற்கிறான் என்று மாமா விசாரித்துச் சொன்னார். அம்மா அழவில்லை. "கொள்ளிக்கு வருவானோ, பிள்ளை?" என்று என்னைக் கேட்டபடியே இருந்தாள். அவன் வந்தால் ஒரு பயம், வராவிட்டால் ஒரு பயம் எனக்கு. ஒரேயொரு மகன். செத்த வீட்டுக்கு ஊர்ச்சனம் எல்லாம் வரும். அவ்வளவு சனத்துக்கு முன்னால் அவன் தலையை வழிக்க வேண்டும்.

சடங்கு நாளன்று, மண்டபத்தில் தேவாரம் தொடங்கிய பிறகு, பாக்டரி ஜக்கெட்டோடு வந்து நின்றான். அப்பாவின் பெட்டிப் பக்கம் பார்க்கவில்லை. நேராக ஐயரிடம் போனான்.

ஐயர் நல்ல மனுசன். "தம்பி, இந்த நாட்டில ஒருத்தரும் முழுக்க வழிக்கிறேல்லை. நாளைக்கு வேலைக்குப் போக வேணுமெல்லே. மீசையை எடுத்தால் காணும்" என்றார்.

"அதுதான் சரி" என்றார் மாமா அவசரமாக. நானும் தலையாட்டினேன்.

"முழுக்க எடுங்கோ, மாமா" என்றான் தம்பி.

அம்மா எழும்பி வந்து அவன் கையைப் பிடித்தாள். "வேண்டாம் மோனை. ஐயரே சொல்லுறார்."

"முழுக்க எடுங்கோ."

அவன் அதைக் கோபத்தில் சொன்னானா வேறு எதிலாவது சொன்னானா என்று எனக்கு விளங்கவில்லை. செத்த அப்பாவை ஊர் முன்னால் பழிவாங்கப் பார்க்கிறானோ என்றுகூட நினைத்தேன். பாருங்கோ, இவர்தான் எனக்கு இதைச் செய்தவர் என்று காட்டப் போகிறானோ.

பக்கத்தில் ஒரு சிறிய அறை. மாமா மயிர் வழிக்கிற மெஷினைக் கொண்டு வந்திருந்தார். தம்பி கதிரையில் இருந்தான். மாமா கதவைச் சாத்தப் போனதும் அவனுடைய முகம் வெளிறிவிட்டது.

"அக்கா, கதவைத் திறந்து வையுங்கோ."

நான் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். பெண்கள் நிற்கிற இடமல்ல அது, ஆனால் ஒருவரும் என்னைப் போ என்று சொல்லவில்லை. எனக்கு ஒரு பக்கம் தம்பி, மறுபக்கம் மண்டபம் நிறையச் சனம். மாமா மெஷினைப் போட்டார். அது உறுமத் தொடங்கியது. தம்பி இரண்டு கையாலும் கதிரையை இறுக்கிப் பிடித்தபடி கண்ணை மூடாமல் இருந்தான். நான் இவ்வளவு காலம் பார்த்துப் பார்த்து விட்டிருந்த மயிர் இடது பக்கத்தால் விழுந்தது. கோடு வெள்ளையாக வெளியே வந்தது.

அப்போதுதான் மண்டபத்தைப் பார்த்தேன். நடு வரிசையிலிருந்து ஓர் இளைஞன் எழும்பி, தலையைக் குனிந்தபடி வெளியே போனான். சுவரோடு நின்ற இன்னொருவன் போனான். பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவன். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கண்டுவிட்டார்கள், ஆருக்கோ சொல்லப் போகிறார்கள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மூளை வேலை செய்தது. அவர்கள் இருந்த இடத்திலிருந்து தம்பியின் தலை தெரியாது. தலை வழிக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கும், அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாதவர்கள் அவர்கள்.

சடங்கு முழுவதையும் தம்பி பிழையில்லாமல் செய்தான். ஐயர் சொன்னபடி வலம் வந்தான், வாய்க்கரிசி போட்டான். தகனசாலையில் பொத்தானை அமத்தச் சொன்னபோது அமத்தினான். நான் ஒன்றையும் பார்க்கவில்லை, அவனைப் பார்க்கிற கண்களைத்தான் பார்த்தேன். ஊர்க்காரக் கிழவர் ஒருவர் அவனுடைய தலையை நெடுநேரம் பார்த்துவிட்டு நிலத்தைப் பார்த்தார்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் நான் மாமாவின் காருக்காகக் காத்து நின்றேன். தம்பி கொஞ்சம் தள்ளி நின்றான். மண்டபத்தை விட்டுப் போன மூவரில் ஒருவன், சுவரோடு நின்றவன், என்னிடம் வந்தான். குளிர்த் தொப்பியைக் காது மறைய இழுத்து விட்டிருந்தான்.

"அக்கா, தம்பி எந்தக் காம்ப்?" என்று மெல்லக் கேட்டான். தம்பிக்கும் கேட்டிருக்க வேண்டும், திரும்பினான்.

பொய் தானாகவே வந்தது. "என்ன காம்ப்? அவன் சின்னனில சைக்கிளால விழுந்தவன்."

அவன் என்னைப் பார்த்தான். "ஓம் அக்கா" என்றான். "நானும் சைக்கிளாலதான் விழுந்தனான்." சொல்லிவிட்டு நடந்தான்.

தம்பி அவனுக்குப் பின்னால் போனான். நான் கையைப் பிடித்தேன், உதறிவிட்டான். சனம் கதவால் வெளியே வந்துகொண்டிருந்தது. எங்கள் கட்டிடத்து ஆட்கள், மாமாவின் சிநேகிதர், அந்த ஒன்றுகூடலில் மேடையில் நின்றவர்கூட. அத்தனை பேருக்கும் நடுவில், "அண்ணை, நில்லுங்கோ" என்று கூப்பிட்டான். "எங்கட ஊரில செம்பில துண்டு போட்டு எடுத்தவை."

"மெல்லக் கதை" என்றேன் நான், ஓடிப்போய்.

"இப்ப உள்ளுக்குள்ள எரியிறவர்தான் எழுதினவர்" என்றான் தம்பி. குரலைத் தணிக்கவில்லை. "என்ர பேரையும் அவர்தான் எழுதினவர்."

அந்த இளைஞன் தம்பியைப் பார்த்தான், பிறகு நாங்கள் வெளியே வந்த கட்டிடத்தைப் பார்த்தான்.

"எங்கட ஊரிலயும் செம்புதான்" என்றான். "எழுதின ஆக்களின்ர வீட்டுப் பேர் ஒண்டும் அதுக்குள்ள இருக்கேல்லை. எங்கட வீட்டில மூண்டு பேர். மூண்டு பேரின்ர பேரும் இருந்தது."

தம்பி அப்படியே நின்றான். அவனுடைய வாய் கோணியது. பிறகு அழத் தொடங்கினான், வழித்த தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சத்தமாக. அவனை முகாமுக்குக் கொண்டுபோன நாளிலிருந்து அவன் அழுது நான் கண்டதில்லை. சனம் திரும்பிப் பார்த்தது. எனக்கு இருந்த பயத்தில், கொஞ்சம் மெல்ல அழடா, பாக்கினமடா என்று அவனுடைய காதுக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். தகப்பனுக்காக அழுகிறான், விடுங்கோ பிள்ளை என்றாள் பக்கத்தில் வந்த ஒரு மனிசி. அவள் சொன்னது சரி என்று எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது.